கறுப்புப் பூனைகளும் காக்கிச் சட்டைகளும்

ரொம்ப நாளா கோயில், கல்வெட்டு, ஏரி மதகுன்னே எழுதிட்டு இருந்தாச்சு. இந்தத் தடவை கொஞ்சம் துப்பாக்கிப் பக்கம் போவோம்.

தமிழ்நாட்டுல "கறுப்புப் பூனை"ன்னு சொன்னா உடனே ஞாபகம் வர்றது ஜெயலலிதா காரைச் சுத்தி நின்ன துப்பாக்கிக்காரங்கதான். 1991-ல ஆரம்பிச்ச காட்சி அது. பார்த்துப் பார்த்து, யாராவது பெரிய மனுஷர் பக்கத்துல ஒருத்தர் கையில ஆயுதத்தோட விறைப்பா நின்னா அவர் கறுப்புப் பூனைன்னு நமக்கு மனசுல பதிஞ்சு போச்சு. எங்க ஊர் டீக்கடையில இன்னிக்கும் உள்ளூர் ஆயுதப்படைப் போலீஸ்காரர் ஒருத்தர் அமைச்சர் வண்டியில போனாக்கூட "பிளாக் கேட்டுப்பா"ன்னு தான் சொல்றாங்க. நானும் மறுத்துப் பேசறதில்ல. டீ ஆறிடும் :-)

ஆனா அந்தப் படையை ஆரம்பிச்சது தலைவர்களுக்குக் காவல் நிக்கிறதுக்கு இல்ல. அதுக்குன்னு வேற படை இருந்தது. அந்த வேற படை இல்லாமப் போன ஒரு ராத்திரியிலதான் எங்க பக்கம் நாட்டையே உலுக்கின அந்தச் சம்பவம் நடந்தது.

எங்க ஊர் தாமல், காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை மேலேயே இருக்கு. ஒரு பக்கம் பெரிய ஏரி, உள்ளே வராகீஸ்வரர் கோயில், நடுவுல ராவும் பகலும் லாரி. இப்போ அது 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, எங்களுக்கு என்னிக்கும் "என்.எச். நாலு"தான். இந்த ஒரே சாலையில ஊர்களை வரிசையா எண்ணிப் பாருங்க. பூந்தமல்லி: ராஜீவ் கொலை வழக்கை விசாரிச்ச தடா நீதிமன்றம். ஸ்ரீபெரும்புதூர்: கொலை நடந்த இடம். அப்புறம் காஞ்சிபுரம், நாங்க. கடைசியில பெங்களூர். அங்கே தெற்குப் புறநகர்ல கோணனகுண்டேன்னு ஒரு இடம். கறுப்புப் பூனைகள் வந்து சேர்ந்து, ஒன்றரை நாள் காத்திருந்து, கடைசியில உள்ளே போனப்போ எல்லாரும் செத்துக் கிடந்த வீடு அங்கேதான் இருந்தது.

அந்த ஒன்றரை நாள் காத்திருப்பு ஏன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு குடைச்சல். அதைப் பத்திப் பேசணும்னா கொஞ்சம் பின்னாடி, ஜெர்மனி வரைக்கும் போயிட்டு வரணும்.

1972 செப்டம்பர் 5, மியூனிக் ஒலிம்பிக். பாலஸ்தீனத்தோட "கறுப்பு செப்டம்பர்" அமைப்பைச் சேர்ந்த எட்டு பேர் இஸ்ரேல் வீரர்கள் தங்கியிருந்த இடத்துல புகுந்தாங்க. ரெண்டு பேரை அங்கேயே கொன்னுட்டு ஒன்பது பேரைப் பிணையா பிடிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி ஃபூர்ஸ்டன்ஃபெல்ட்புரூக் விமான தளத்துல வெச்சு அவங்களை மடக்கப் போனது பவேரியா மாநிலத்துச் சாதாரணப் போலீஸ். அங்கே நடந்ததைப் படிச்சா கோபம் வராது, பாவமா இருக்கும். எதிராளி எட்டு பேர், இவங்க நிறுத்தின குறிபார்த்துச் சுடறவங்க அஞ்சு பேர். அந்த அஞ்சு பேருக்கும் அதுக்கான தனிப் பயிற்சி கிடையாது. ஒருத்தரோட ஒருத்தர் பேச ரேடியோ இல்ல, இருட்டுல பார்க்கற கருவி இல்ல. விமானத்துக்குள்ள சிப்பந்தி வேஷத்துல ஒளிஞ்சிருக்க வேண்டிய போலீஸ்காரங்க, இது தற்கொலைன்னு தங்களுக்குள்ளேயே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணி, கடைசி நேரத்துல இறங்கிப் போயிட்டாங்க. கவச வண்டிகள் போக்குவரத்து நெரிசல்ல மாட்டிக்கிட்டது. முடிவு: ஒன்பது பிணையாளிகளும் செத்தாங்க, ஒரு போலீஸ்காரரும் போனார்.

அந்தப் போலீஸ்காரங்களைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? காஞ்சிபுரம் பட்டுல கோர்வை போடும்போது தறியில ரெண்டு பேர் வேணும், இந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தர், அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தர். பழகாத ரெண்டு பேரை உட்கார வெச்சா முதல் நாளே கரை கோணிக்கும். புடவைக்கே அப்படின்னா இது உசுரு.

ஜெர்மனிக்காரங்க அதே மாசம் புதுசா ஒரு படையை ஆரம்பிச்சாங்க. பேரு ஜி.எஸ்.ஜி. 9. எல்லைக் காவல் படையில ஏற்கெனவே எட்டுப் பிரிவு இருந்ததால இது ஒன்பது, வேற பெரிய காரணம் ஒண்ணும் இல்ல. தலைவர் உல்ரிஷ் வேகனர், மியூனிக் கூத்தைப் பக்கத்துல இருந்து பார்த்தவர். அஞ்சு வருஷம் கழிச்சு, 1977 அக்டோபர் 18, சோமாலியா தலைநகர் மொகதிஷு. கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்துல இந்தப் படை ஏணி போட்டு ஏறி, சில நிமிஷத்துல 86 பிணையாளிகளை உயிரோட மீட்டுச்சு. (விமானியை அதுக்கு முன்னாடியே ஏடன்ல வெச்சுக் கடத்தல்காரங்க கொன்னுட்டாங்க.) அதுக்கு முந்தின வருஷம் ஜூலையில இஸ்ரேல்காரங்க உகாண்டாவுல என்டெபி விமான நிலையத்துல இறங்கிப் பண்ணின வேலை உங்க எல்லாருக்கும் தெரியும், படமா வேற வந்தாச்சு. ஆக, எழுபதுகளோட கடைசியில "இதுக்குன்னே ஒரு படை வேணும்"னு எல்லா நாடும் முடிவுக்கு வந்தாச்சு.

இந்தப் படைகள் எல்லாம் தொலைக்காட்சியில நட்சத்திரம் ஆனது 1980 மே 5-ல, லண்டன்ல. ஈரான் தூதரகத்தை ஆறு பேர் பிடிச்சு வெச்சிருக்க, ஆறாவது நாள் பிரிட்டனோட எஸ்.ஏ.எஸ். வீரர்கள் முகமூடியும் கறுப்பு உடையுமா மாடியில இருந்து கயித்துல இறங்கினாங்க. ஆறுல அஞ்சு பேர் அங்கேயே காலி. உலகமே நேரலையில பார்த்துச்சு. அந்தக் கறுப்பு உடைதான் பின்னாடி சினிமாவுக்கும் உலகத்துல பாதிப் படைகளுக்கும் யூனிஃபார்ம் ஆச்சு.

ஆனா எனக்கு அந்தக் கதையில பிடிச்ச ஆள் எஸ்.ஏ.எஸ். இல்ல. டிரெவர் லாக்னு ஒரு சாதாரண கான்ஸ்டபிள். தூதரக வாசல்ல காவலுக்கு நின்னவர், முதல் நாளே மாட்டிக்கிட்டார். அவர் கோட்டுக்குள்ள ஒரு சின்ன ரிவால்வர் இருந்தது, கடத்தல்காரங்க சரியாச் சோதிக்கல. ஆறு நாளும் அந்தக் கோட்டைக் கழட்டல மனுஷன். "போலீஸ்காரன் மாதிரித் தெரியணும்"னு சாக்குச் சொல்லிச் சமாளிச்சார். கழிப்பறைக்குப் போனா துப்பாக்கி வெளியில தெரிஞ்சிடும்னு சாப்பாட்டையே குறைச்சுட்டார். படை உள்ளே குதிச்சப்போ கடத்தல்காரங்க தலைவன் மேல பாய்ஞ்சு கட்டிப் புரண்டது இவர்தான். கயித்துல இறங்கினவங்க படம் எல்லா இடத்துலயும் இருக்கு, இவர் பேரு நம்ம ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? இவரைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி இவர் மாதிரி ஆளுங்க இன்னும் வர்றாங்க.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். 1984-ல ரெண்டு விஷயம் நடந்தது. ஜூன்ல அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள்ள ராணுவம் டாங்கியோட போச்சு. அக்டோபர் 31-ல இந்திரா காந்தியை அவரோட பாதுகாவலர்களே சுட்டாங்க. இந்த ரெண்டு சம்பவத்துக்கும் பதிலா ரெண்டு படை பிறந்தது. ஒண்ணு என்.எஸ்.ஜி., அதாவது தேசியப் பாதுகாப்புப் படை. எஸ்.ஏ.எஸ்., ஜி.எஸ்.ஜி. 9 ரெண்டையும் பார்த்து உருவாக்கினது, 1986-ல தனிச் சட்டம் வந்தது. ராணுவத்துல இருந்து வர்றவங்க தாக்குதல் பிரிவு, போலீஸ் மற்றும் துணை ராணுவத்துல இருந்து வர்றவங்க உதவிப் பிரிவு. நம்ம கறுப்புப் பூனைங்க இவங்கதான். இன்னொண்ணு எஸ்.பி.ஜி., 1985-ல ஆரம்பிச்சது, பிரதமரைக் காப்பாத்தறது மட்டுமே வேலை. முதல் படை கதவை உடைக்க, ரெண்டாவது படை கதவை மூட. இந்த வித்தியாசம் முக்கியம்.

என்.எஸ்.ஜி. பேர் வாங்கினது 1988 மே மாசம். அதே பொற்கோயில்ல மறுபடியும் ஆயுதக்காரங்க புகுந்தப்போ, இந்தத் தடவை டாங்கி போகல. பஞ்சாப் போலீஸ் தலைவர் கே.பி.எஸ். கில் ஒரு பக்கம், கறுப்புப் பூனைகள் இன்னொரு பக்கம். தண்ணியையும் மின்சாரத்தையும் நிறுத்திட்டு, சுத்தி உயரமான இடங்கள்ல குறிபார்த்துச் சுடறவங்களை உட்கார வெச்சுட்டு, சும்மா காத்திருந்தாங்க. மே மாச பஞ்சாப் வெயில். பத்து நாள்ல உள்ளே இருந்தவங்க கையைத் தூக்கிக்கிட்டு வரிசையா வெளியே வந்தாங்க, பத்திரிகைக்காரங்க கண் முன்னாடி. பொறுமையா இருந்தா ஜெயிக்கலாம்னு டில்லிக்குப் புரிஞ்சது அன்னிக்குத்தான்.

இந்தப் பாடத்தை அப்படியே வெச்சுக்குங்க. மூணு வருஷம் கழிச்சு இதுவே காலை வாரப் போகுது.

1989 கடைசியில ராஜீவ் தேர்தல்ல தோத்தார். எஸ்.பி.ஜி. சட்டம் பதவியில இருக்கிற பிரதமருக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டும்தான். முன்னாள் பிரதமர்னு ஒரு வார்த்தை அதுல இல்ல. வி.பி. சிங் ஆட்சியில பாதுகாப்பு விலக்கப்பட்டது. இதை அரசியல் பழிவாங்கல்னு சொல்றவங்களும் உண்டு, சட்டம் அப்படித்தான் இருந்ததுன்னு சொல்றவங்களும் உண்டு. சட்டம் இயற்றினது ராஜீவ் அரசாங்கமேதான்ங்கறது கசப்பான வேடிக்கை. பாதுகாப்புக் குறைபாட்டை விசாரிச்ச நீதிபதி வர்மா கமிஷன், மத்திய அரசு, மாநிலப் போலீஸ், கட்சிக்காரங்கன்னு யாரையும் விடல.

1991 மே 21 ராத்திரி பத்து மணிக்கு மேல, மரகதம் சந்திரசேகருக்கு ஓட்டுக் கேட்க ஸ்ரீபெரும்புதூர் வந்த ராஜீவ் கூட, டில்லியில இருந்து வந்த தனிப் பாதுகாவலர் ஒரே ஒருத்தர்: பி.கே. குப்தா. மத்தபடி எல்லாம் நம்ம தமிழ்நாட்டுக் காக்கிச் சட்டைங்க. மாலையோட நெருங்கின தணுவைத் தடுத்தது அனசூயான்னு ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். ராஜீவே விடச் சொன்னதா அவங்க பின்னாடி பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. விரல்களை இழந்து, உடம்பெல்லாம் காயத்தோட பிழைச்சவங்க. அன்னிக்குச் செத்தவங்கள்ல ஒன்பது பேர் போலீஸ். குப்தா, எஸ்.பி. முகமது இக்பால், இன்ஸ்பெக்டர்கள் ராஜகுரு, எட்வர்ட் ஜோசப், சப்-இன்ஸ்பெக்டர் எத்திராஜ், கான்ஸ்டபிள்கள் சுந்தரராஜு பிள்ளை, தர்மன், ரவி, சந்திரா. இதுல ரவி கமாண்டோ போலீஸ். ஒரே ஒரு கமாண்டோ. சந்திரா பெண் கான்ஸ்டபிள்.

மறுநாள் எங்க ஊர் நெடுஞ்சாலை காலியாக் கிடந்தது. லாரிச் சத்தம் இல்லாத தாமலை நான் முதல் தடவை பார்த்தது அன்னிக்குத்தான். ஸ்கூல் படிக்கிற வயசு, கோடை விடுமுறை. பெரியவங்க ரேடியோ பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. பயந்துக்கிட்டு தறியை யாரும் ஓட்டல. அப்புறம் பல நாள் சாலையில வண்டிச் சோதனை. ஒற்றைக் கண்ணன் படம் போலீஸ் ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, பேப்பர்னு எல்லா இடத்துலயும். சின்னப் பசங்க நாங்க கண்ணாடி போட்டவங்க யாரைப் பார்த்தாலும் முறைச்சுப் பார்த்துட்டுத் திரிஞ்சோம்.

குண்டு வெடிப்புல செத்துப் போன புகைப்படக்காரர் ஹரிபாபுவோட கேமரா மட்டும் பிழைச்சதும், அந்த ஃபிலிம்ல இருந்து தணுவும் சிவராசனும் தெரிஞ்சதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. டி.ஆர். கார்த்திகேயன் தலைமையில சி.பி.ஐ. சிறப்புப் புலனாய்வுக் குழு சென்னை "மல்லிகை" கட்டடத்துல உட்கார்ந்து தேடுச்சு. சிவராசனும் சுபாவும் டேங்கர் லாரியில ஒளிஞ்சு பெங்களூர் போய்ச் சேர்ந்துட்டாங்க. மூணு மாசம் கழிச்சு, ஆகஸ்ட் 18 ராத்திரி, கோணனகுண்டே வீடு போலீஸ் கண்ணுல பட்டுச்சு.

இங்கேதான் நான் சொன்ன குடைச்சல். என்.எஸ்.ஜி. ஆளுங்க தயாரா இருந்தாங்க. சுத்தி வளைச்சாச்சு. உள்ளே இருக்கிறவங்களுக்கு இன்னும் சரியாத் தெரியாது. நடுராத்திரி. மொகதிஷுவோ என்டெபியோ, எல்லா வெற்றியும் இந்த மாதிரி நேரத்துல கிடைச்சதுதான். ஆனா "போகாதே, காத்திரு"ன்னு உத்தரவு. உயிரோட பிடிக்கணும், சயனைடு கடிச்சாலும் காப்பாத்த மாத்து மருந்தோட டாக்டருங்க வரணும், மேலதிகாரி வரணும். 18 ராத்திரி போச்சு, 19 முழுப் பகலும் போச்சு. ஊரே கூடிருச்சு. உள்ளே இருந்து துப்பாக்கி வெடிச்சது, வெளியில இருந்தும் பதிலுக்கு. 20-ஆம் தேதி விடியற்காலை கதவை உடைச்சு உள்ளே போனா ஏழு பிணம். ஆறு பேர் சயனைடு. சிவராசன் தன்னைத்தானே சுட்டுக்கிட்டார், அதுக்கு எந்த டாக்டர்கிட்டயும் மாத்து மருந்து கிடையாது. அன்னிக்கு ராஜீவோட பிறந்த நாள் வேற.

சயனைடு பத்தி ஒரு வார்த்தை. ரத்தத்துல பிராணவாயு இருந்தும் அதை உடம்போட செல்கள் பயன்படுத்த முடியாம தடுக்கிற விஷம் அது. கணக்கு நிமிஷத்துல. மாத்து மருந்து உண்டு, உண்மைதான், ஆனா குப்பியைக் கடிச்ச ஆள் பக்கத்துல டாக்டர் நிக்கணும். பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் ஆள், இந்தப் பக்கம் ஊசி. என்ன செய்ய முடியும்? அப்போ உயிரோட பிடிக்க ஒரே வழி, அவங்க கை கழுத்துக்குப் போறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிறதுதான். அது அதிர்ச்சியும் வேகமும் சேர்ந்தாத்தான் நடக்கும்.

அப்போ காத்திருக்கச் சொன்னவங்க முட்டாளா? நான் அப்படி நினைக்கல. அவங்க மனசுல 1988 பொற்கோயில் இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது. பொறுமையால ஜெயிச்ச நிர்வாகம் மறுபடியும் பொறுமையா இருக்கத்தான் பார்க்கும். ஆனா அங்கே இருந்தவங்களுக்குத் தாகம் எடுத்தா சரணடையற எண்ணம் வரும். இங்கே இருந்தவங்க கழுத்துலயே முடிவைத் தொங்க விட்டுக்கிட்டு இருந்தவங்க. அதே பூட்டுன்னு நினைச்சுப் பழைய சாவியைப் போட்டுட்டாங்க. அதோட, உள்ளே போய்த் தப்பா ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியவர் ஒருத்தர் இருப்பார், காத்திருந்து தப்பா ஆச்சுன்னா யாரும் இருக்க மாட்டாங்க. நம்ம அரசாங்க ஆபீஸ்ல ஃபைல் நகர்றதைப் பார்த்தவங்களுக்கு இது விளங்கும்.

நட்டம் என்னன்னா, சிவராசனுக்கு மேல யார் யார், என்ன என்னங்கறதை நேரடியாச் சொல்லக்கூடிய வாய் மூடிருச்சு. சதியோட அகலத்தைத் தேட 1998-ல தனியா ஒரு கண்காணிப்பு அமைப்பே வெச்சாங்க, அது இருபது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. பூந்தமல்லி நீதிமன்றம் 1998-ல 26 பேருக்குத் தூக்கு விதிச்சது, உச்ச நீதிமன்றம் 1999-ல 19 பேரை விடுவிச்சது, மிச்சம் ஏழு பேரும் 2022-ல வெளியே வந்தாங்க. அந்த வழக்கைப் பத்தி நம்ம ஆளுங்க ஆயிரம் பதிவு போட்டாச்சு, நான் அதுக்குள்ள போகல. ஆனா எந்தப் பக்கம் நின்னு பேசறவங்களும் கடைசியில ஒரு கேள்வியில முட்டி நிக்கிறாங்க பாருங்க: "சிவராசன் உயிரோட இருந்திருந்தா?"

அந்தக் காத்திருப்புக்கு உள்ளே இருந்த என்.எஸ்.ஜி. அதிகாரி ஒருத்தர், மேஜர் ரவி, பின்னாடி மலையாளப் பட இயக்குநர் ஆயிட்டார். 2007-ல மம்முட்டியை வெச்சு "மிஷன் 90 டேஸ்"னு இதையே படமா எடுத்தார். அதே சமயத்துல ஏ.எம்.ஆர். ரமேஷ் கன்னடத்துல "சயனைடு", தமிழ்ல "குப்பி". 2025-ல இந்தித் தொடர் ஒண்ணும் வந்தது. படம் எடுக்கறவங்களுக்கு வேட்டைதான் வேணும், கூட்டத்துல பந்தோபஸ்துக்கு நின்ன கான்ஸ்டபிள் எதுக்கு?

ஓடிடலாம், அடுத்து 1999. கடத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் டிசம்பர் 24 அன்னிக்கு அமிர்தசரஸ்ல முக்கால் மணி நேரம் தரையில நின்னுச்சு. என்.எஸ்.ஜி. வந்து சேர்றதுக்குள்ள பறந்துருச்சு, காந்தஹார் வரைக்கும் போய் என்ன ஆச்சுன்னு தெரியும். 2008 நவம்பர் 26, மும்பை. இங்கே போகச் சொல்றதுல சிக்கல் இல்ல, ஆள் போய்ச் சேர்றதுலதான் சிக்கல். படை இருக்கிறது டில்லிக்குப் பக்கத்துல மானேசர்ல, பெரிய விமானம் நின்னது சண்டிகர்ல. முதல் குண்டு வெடிச்சதுக்கும் இவங்க தாஜ் வாசல்ல நின்னதுக்கும் நடுவுல ராத்திரி முழுசும் போயிருச்சு. கோணனகுண்டேயில ஆள் இருந்தாங்க, உத்தரவு இல்ல. மும்பையில உத்தரவு இருந்தது, ஆள் இல்ல. போனதுக்கு அப்புறம் அவங்க காட்டின வீரத்துல எனக்குச் சந்தேகமே இல்ல. மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனும் ஹவில்தார் கஜேந்தர் சிங்கும் அங்கேயே உயிரை விட்டாங்க.

ஆனா அந்த இடைப்பட்ட ராத்திரியில என்ன நடந்தது தெரியுமா? கிர்காவ் சௌபாத்தியில துக்காராம் ஓம்ப்ளேன்னு ஒரு உதவி சப்-இன்ஸ்பெக்டர். கையில லத்தி மட்டும்தான். கசாபோட ஏ.கே. துப்பாக்கிக் குழலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார். குண்டெல்லாம் தன் உடம்புலயே வாங்கிட்டும் பிடியை விடல. கூட இருந்தவங்க பாய்ஞ்சு கசாபை அமுக்கினாங்க. உயிரோட. கோணனகுண்டேயில நாட்டோட முதல் தரப் படையும், டாக்டருங்களும், மாத்து மருந்தும், ஒன்றரை நாள் அவகாசமும் சேர்ந்து முடிக்காத ஒண்ணை ஒரு லத்திக்காரர் சில நொடியில முடிச்சார். மும்பைத் தாக்குதல் பின்னணி நிறைய வெளியே வந்தது அந்த ஒரு ஆள் வாயில இருந்து. ஓம்ப்ளேக்கு அசோக சக்ரா கொடுத்தாங்க.

இது தற்செயல், கமாண்டோவையும் லத்தியையும் ஒப்பிடறது நியாயமான்னு பின்னூட்டத்துல யாராவது கேட்பீங்க. கேளுங்க. தனிப் படை வேண்டாம்னு நான் சொல்லல, மியூனிக்கை நினைச்சா சொல்லவும் முடியாது. முதல் அரை மணி நேரம் எப்பவும் பக்கத்து ஸ்டேஷன்காரங்க கையிலதான் இருக்கு, அவங்க கையில என்ன கொடுத்திருக்கோம்ங்கறதுதான் என் கேள்வி. மும்பைக்கு அப்புறம் 2009-ல சென்னை உள்பட நாலு நகரத்துல என்.எஸ்.ஜி. மையம் வந்தது. நம்ம மையம் வண்டலூர் பக்கம் நெடுங்குன்றத்துல, எங்க பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளதான். நல்ல விஷயம்.

நம்ம ஊரு அதிரடிப்படையைச் சொல்லாம விட்டா திட்டுவீங்க. 1993 ஏப்ரல்ல பாலாறு கண்ணிவெடியில 22 பேர் செத்த வருஷம் ஆரம்பிச்சது, வீரப்பன் முடிஞ்சது 2004 அக்டோபர் 18, தர்மபுரி பாப்பாரப்பட்டி பக்கத்துல பாடி கிராமத்துல. பதினோரு வருஷம். முடிச்ச விஜயகுமார், ராஜீவ் பிரதமரா இருந்த காலத்துல எஸ்.பி.ஜி.யில இருந்தவர். காட்டுக்குள்ள ஆயிரம் பேரை விட்டு அலசினப்போ சிக்காத ஆள், கண் வைத்தியத்துக்குன்னு ஆம்புலன்ஸ் வண்டியில ஏத்தி வெளியில கொண்டுவந்தப்போ சிக்கினார். வண்டியை ஓட்டினது மாறுவேஷத்துல இருந்த போலீஸ்.

ஆனா அந்தப் பதினோரு வருஷத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கு. ரெண்டு மாநில அதிரடிப்படையும் மலையோரச் சனங்களைப் பிடிச்சு அடைச்சு வெச்சுச் செஞ்ச சித்திரவதை பத்தி தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ல நீதிபதி சதாசிவா குழுவை அமைச்சது. மாதேஸ்வரன் மலை முகாமுக்கு அந்தச் சனங்க வெச்ச பேரு "ஒர்க் ஷாப்". 2007-ல 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் கொடுக்கச் சொன்னாங்க. பரிசும் பதவி உயர்வும் வீட்டு மனையும் வாங்கின படையோட பட்டியல் பெரிசு, இந்தப் பட்டியல்ல இருந்தவங்க எட்டு வருஷம் காத்திருந்தாங்க. தனிப் படைன்னா தனிப் பயிற்சி இருக்கணும். தனிச் சட்டம் மாதிரி நடந்துக்கிட்டா அங்கே வாழற ஆளுங்களுக்கு வீரப்பனும் ஒண்ணுதான், போலீஸும் ஒண்ணுதான். அதை விரிவா எழுத இந்த ஒரு பதிவு போதாது, சோளகர் கிராமங்கள் பக்கம் போயிட்டு வந்த நண்பர்கள் யாராவது எழுதினா சந்தோஷப்படுவேன்.

ஆரம்பிச்ச இடத்துக்கு ஒரு தகவல் பாக்கி. 1991 செப்டம்பர்ல, ராஜீவ் போய் நாலு மாசம் கழிச்சு, எஸ்.பி.ஜி. சட்டத்தைத் திருத்தி முன்னாள் பிரதமர்களையும் சேர்த்தாங்க. அதுக்கு அப்புறம் அந்தச் சட்டத்தை நீட்டியும் குறுக்கியும் பல தடவை தைச்சாச்சு, கடைசித் தையல் 2019. கறுப்புப் பூனைகளோ கதவை உடைக்கிற வேலையை விட்டுட்டு முப்பது வருஷத்துக்கு மேல தலைவர்கள் கார் கதவைத் திறந்துவிட்டுட்டு இருந்தாங்க. 2024 அக்டோபர்லதான் மிச்சமிருந்த ஒன்பது தலைவர்கள் பாதுகாப்பை சி.ஆர்.பி.எஃப்.கிட்ட ஒப்படைச்சுட்டு உங்க வேலையைப் பாருங்கன்னு மத்திய அரசு முடிவு பண்ணுச்சு. எங்க டீக்கடைக்கு இன்னும் தகவல் வரல :-)

கொசுறு: மொகதிஷு மீட்பும் வீரப்பன் முடிவும் ஒரே தேதி, அக்டோபர் 18. இடையில 27 வருஷம். முதல்ல சொன்னது சில நிமிஷ வேலை, இன்னொண்ணுக்கு இருபது நிமிஷத் துப்பாக்கிச் சூடுன்னு போலீஸ் சொன்னது. அந்த இருபது நிமிஷத்தைப் பத்தி வேற கதை சொல்றவங்க தர்மபுரியில நிறைய பேர் இருக்காங்க. அது அடுத்த பதிவுல.